எஸ். எம். எஸ். எம்டன்

எஸ். எம். எஸ். எம்டன் என்பது ஜெர்மானியப் பேரரசின் கடற்படையில் 1909 முதல் 1914 வரை பணியாற்றிய இலகுரகக் குரூசர் வகைப் போர்க்கப்பல் ஆகும். முதல் உலகப் போரின் தொடக்க மாதங்களில் இக்கப்பல் இந்தியப் பெருங்கடலில் தனித்து இயங்கி, நேச நாடுகளின் வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்தது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னை நகரின் மீது குண்டு வீசியதால், தமிழகத்தில் இதன் பெயர் பரவலாக அறியப்பட்டது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியுடன் நடந்த சண்டையில் எம்டன் அழிந்தது.

"எம்டன்" என்ற சொல் தமிழில் துணிச்சலும் தந்திரமும் மிக்கவரைக் குறிக்கும் பேச்சுவழக்காக நிலைத்துவிட்டது. கப்பலைப் பற்றிய செய்திகளும் வாய்மொழியாகவே பெரிதும் பரவின. இதனால் தமிழில் எம்டனைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் சான்றுள்ள செய்திகளும் சான்றற்ற செய்திகளும் கலந்து காணப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிவதற்கான குறிப்புகள் இக்கட்டுரையின் பிற்பகுதியில் தரப்பட்டுள்ளன.

பெயர்

"எஸ். எம். எஸ்." என்பது "மாட்சிமை தங்கிய பேரரசரின் கப்பல்" எனப் பொருள்படும் ஜெர்மன் மொழித் தொடரின் சுருக்கம் ஆகும். ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள எம்டன் நகரின் பெயர் இக்கப்பலுக்குச் சூட்டப்பட்டது. வெண்ணிற வண்ணமும் ஒடுங்கிய வடிவமும் கொண்டிருந்தமையால் கிழக்காசியத் துறைமுகங்களில் இது "கிழக்கின் அன்னம்" என்றும் அழைக்கப்பட்டது.

வடிவமைப்பு

குரூசர் என்பது பெரும் போர்க்கப்பல்களை விடச் சிறியதும், வேகம் மிக்கதும், நெடுந்தூரம் செல்லக்கூடியதுமான போர்க்கப்பல் வகையாகும். எதிரியை வேவு பார்ப்பதற்கும் வணிகக் கடல்வழிகளைக் காப்பதற்கும் அல்லது தாக்குவதற்கும் இவ்வகைக் கப்பல்கள் பயன்பட்டன. டிரெஸ்டன் வகுப்பில் கட்டப்பட்ட இரு கப்பல்களுள் எம்டன் ஒன்று, மற்றொன்று டிரெஸ்டன். எம்டன் அக்காலத்தில் ஜெர்மனிக்கு உட்பட்டிருந்த டான்சிக் நகரின் (இன்று போலந்தில் உள்ளது) அரசுக் கப்பல் கட்டுமிடத்தில் உருவாக்கப்பட்டது. 1908 மே 26 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1909 ஜூலை 10 அன்று கடற்படைப் பணியில் சேர்க்கப்பட்டது.

இதன் முதன்மையான தரவுகள் பின்வருமாறு:

- நீளம்: 118.3 மீட்டர்
- அகலம்: 13.5 மீட்டர்
- எடை: வழக்கமான நிலையில் ஏறத்தாழ 3,660 டன், முழுச் சுமையுடன் ஏறத்தாழ 4,270 டன்
- வேகம்: மணிக்கு ஏறத்தாழ 23.5 கடல் மைல்
- புகைபோக்கிகள்: 3
- முதன்மைப் பீரங்கிகள்: 10.5 செ.மீ. விட்டமுடையவை, 10
- டார்பீடோ குழாய்கள்: 2
- பணியாளர்: ஏறத்தாழ 360 பேர்

டிரெஸ்டன் கப்பலில் புதிய வகை நீராவிச் சுழலிகள் பொருத்தப்பட்டன. எம்டனிலோ பழைய முறையிலான உந்துருளை நீராவிப் பொறிகளே இருந்தன. இத்தகைய பொறிகளுடன் கட்டப்பட்ட கடைசி ஜெர்மானியக் குரூசர் எம்டனே. கொதிகலன்கள் நிலக்கரியால் இயங்கின. கப்பலில் அதிகபட்சமாக 860 டன் அளவுக்கே நிலக்கரியைச் சேமிக்க இயலும். எனவே சில நாட்களுக்கு ஒருமுறை நிலக்கரி நிரப்ப வேண்டியிருந்தது. நட்புத் துறைமுகம் ஒன்றும் இல்லாத கடலில் இக்கப்பல் எங்குச் செல்லலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை எதிரியின் பீரங்கிகளை விட நிலக்கரியே பெரிதும் தீர்மானித்தது.

போருக்கு முந்தைய பணிகள்

1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட எம்டன், அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவில் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த சிங்டாவோ துறைமுகத்தை அடைந்து கிழக்காசியப் படைப்பிரிவில் சேர்ந்தது. அதன்பின் இக்கப்பல் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை.

1911 ஜனவரியில், பசிபிக் பெருங்கடலில் ஜெர்மனியின் குடியேற்றமாக இருந்த போனாப்பே தீவில் சோக்கே மக்களின் கிளர்ச்சியை அடக்குவதற்கு எம்டன் அனுப்பப்பட்டது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் அதன் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சோக்கே மக்கள் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1913இல் சீனாவில் உள்நாட்டுக் கலகம் மூண்டபோது யாங்சி ஆற்றில் சென்ற எம்டன், தன்னை நோக்கிச் சுட்ட கரைக் கோட்டை மீது எதிர்த்தாக்குதல் நடத்தியது.

1913 மே மாதத்தில் கார்ல் ஃபொன் முல்லர் கப்பலின் தலைவராகப் பொறுப்பேற்றார். கப்பலின் இறுதி நாள் வரை அவரே தலைவராக இருந்தார்.

முதல் உலகப் போர்

தனித்துச் செல்லும் முடிவு

போர் மூளும் நிலை உருவானதால், துறைமுகத்தில் சிக்கிக்கொள்வதைத் தவிர்க்க 1914 ஜூலை 31 அன்று எம்டன் சிங்டாவோவை விட்டுப் புறப்பட்டது. ஆகஸ்ட் 4 அன்று ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்தது. பின்னர் பசிபிக்கிலுள்ள பாகன் தீவில், கடற்படைத் தளபதி மாக்சிமிலியன் ஃபொன் ஸ்பேயின் தலைமையிலான படைப்பிரிவுடன் இணைந்தது. ஆகஸ்ட் 13 அன்று அங்கு நடந்த ஆலோசனையில், படைப்பிரிவு முழுவதையும் தென் அமெரிக்கா நோக்கிக் கொண்டுசெல்ல ஸ்பே முடிவு செய்தார். ஓர் இலகுரகக் குரூசரையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று முல்லர் வலியுறுத்தினார். ஸ்பே இதனை ஏற்றார். மறுநாள் எம்டன், மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலுடன் மேற்கு நோக்கிப் புறப்பட்டது.

பிரித்தானியக் குரூசர்கள் பலவற்றிற்கு நான்கு புகைபோக்கிகள் இருந்தன. எம்டனுக்கு மூன்றே இருந்தமையால், மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்று போலியாக அமைக்கப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு இது யார்மத் என்ற பிரித்தானியக் கப்பலைப் போலத் தோன்றியது. பின்னர் 1914 அக்டோபர் 12 அன்று, உண்மையான யார்மத் கப்பலே மார்கோமானியாவை மூழ்கடித்தது.

வங்காள விரிகுடாவில்

செப்டம்பர் முதல் வாரத்தில் எம்டன் வங்காள விரிகுடாவை அடைந்தது. செப்டம்பர் 10 அன்று பொன்டோபொரோஸ் என்ற கிரேக்க நிலக்கரிக் கப்பலைக் கைப்பற்றியது. அதே நாளில் இண்டஸ் என்ற பிரித்தானியக் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. அதன்பின் நான்கு நாட்களுக்குள் லோவாட், கில்லின், டிப்ளமட், டிராபோக், கிளான் மதேசன் ஆகிய கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. இவற்றுள் டிப்ளமட் தேயிலை ஏற்றிச் சென்ற கப்பலாகும்.

கப்பல்களைப் பிடிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. எம்டன் நெருங்கிச் சென்று நிற்குமாறு சைகை காட்டும். படகில் செல்லும் குழுவினர் கப்பலின் ஆவணங்களைச் சோதிப்பர். எதிரி நாட்டுக் கப்பல் எனில் அதிலுள்ளோர் அனைவரும் வேறொரு கப்பலுக்கு மாற்றப்படுவர். பின்னர் அடிப்பகுதி நீர்வழிகளைத் திறந்தோ, வெடி வைத்தோ, பீரங்கியால் சுட்டோ கப்பல் மூழ்கடிக்கப்படும். பிடிபட்டோர் எண்ணிக்கை மிகும்போது, பிடித்த கப்பல்களுள் ஒன்றில் அவர்களை ஏற்றி விடுவித்துவிடுவர். செப்டம்பர் 14 அன்று கபிங்கா என்ற கப்பல் இவ்வாறு விடுவிக்கப்பட்டது. போர்க்காலக் கடற்சட்டம் வணிகக் கப்பல் மாலுமிகளின் உயிரைக் காக்க வேண்டும் என விதித்திருந்தது; முல்லர் அவ்விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினார்.

அக்காலத்தில் வணிகக் கப்பல்கள் பலவற்றில் கம்பியில்லாத் தந்திக் கருவி இல்லை. ஆகவே ஒரு கப்பல் காணாமற்போன செய்தி கரையை எட்டப் பல நாட்களாயிற்று. அப்போது நடுநிலை நாடாக இருந்த இத்தாலியின் லொரெடானோ என்ற கப்பல் எம்டனைக் கண்டு செய்தியைத் தெரிவித்த பின்னரே, பிரித்தானிய அதிகாரிகள் அதன் வருகையை அறிந்தனர். வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. கப்பல் காப்பீட்டுக் கட்டணங்கள் உயர்ந்தன.

சென்னை மீதான தாக்குதல்

1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஏறத்தாழ 9:30 மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கெஜத் தொலைவில் (ஏறத்தாழ 2,700 மீட்டர்) நின்று, தேடொளி விளக்குகளைப் பாய்ச்சித் துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஏறத்தாழ 3,46,000 கேலன் எண்ணெய் அழிந்தது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 125 குண்டுகள் வரை சுடப்பட்டன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன எனினும் எம்டனுக்குச் சேதம் எதுவும் ஏற்படவில்லை. வடக்கு நோக்கிச் செல்வது போல விளக்குகளைக் காட்டிய எம்டன், பின்னர் அவற்றை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பியது.

குண்டுகள் எண்ணெய்த் தொட்டிகளோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் தாக்கப்பட்டது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அவ்விடத்தை நினைவூட்டும் கல்வெட்டு நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது.

பொருட்சேதம் போரின் அளவோடு ஒப்பிடச் சிறியதே. ஆனால் பிரித்தானியக் கடற்படையின் காவலில் இருப்பதாகக் கருதப்பட்ட பெருநகரம் ஒன்றை ஒரே கப்பல் தாக்கிவிட்டுத் தப்பியது மக்களிடையே பெரும் அச்சத்தை விளைவித்தது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். ஆங்கிலேயரின் வணிகத்தையும் மதிப்பையும் குலைத்து, இந்திய மக்களின் கவனத்தை ஈர்ப்பதே இத்தாக்குதலின் நோக்கம் என முல்லர் பின்னர் குறிப்பிட்டுள்ளார்.

இலங்கை, டீகோ கார்சியா, மினிக்காய்

சென்னையிலிருந்து தெற்கே, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியைக் கடந்து எம்டன் இலங்கையைச் சுற்றி மேற்கே சென்றது. செப்டம்பர் 25 முதல் 27 வரையிலான மூன்று நாட்களில் கிங் லட், டைமரிக், ரிபெரா, ஃபாயில் ஆகிய கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. உயர்தர வேல்ஸ் நிலக்கரியுடன் ஹாங்காங் நோக்கிச் சென்ற பியூரெஸ்க் என்ற கப்பல் கைப்பற்றப்பட்டது. இது எம்டனுக்குப் பெரும் பேறாக அமைந்தது.

அக்டோபர் 9 அன்று எம்டன் டீகோ கார்சியா தீவை அடைந்தது. அரிதாகவே கப்பல் வரும் அத்தீவினருக்கு உலகப் போர் தொடங்கிய செய்தியே எட்டியிருக்கவில்லை. எம்டன் மாலுமிகள் அங்குக் கப்பலின் அடிப்பகுதியைத் துப்புரவு செய்து நிலக்கரி ஏற்றினர். தீவினரின் பழுதான இயந்திரப் படகு ஒன்றையும் சரிசெய்து கொடுத்தனர். பின்னர் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மினிக்காய் தீவை ஒட்டிய கடல்வழியில் கிளான் கிரான்ட், பென்மோர், டிராய்லஸ் முதலிய மேலும் பல கப்பல்களைப் பிடித்தது.

பினாங்குத் தாக்குதல்

1914 அக்டோபர் 28 அதிகாலையில் போலிப் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்த எம்டன், அங்கு நங்கூரமிட்டிருந்த செம்சூக் என்ற ரஷ்யக் குரூசரை டார்பீடோக்களால் மூழ்கடித்தது. நுழைந்தபின் ஜெர்மானியக் கொடி ஏற்றப்பட்ட பிறகே தாக்குதல் தொடங்கியது. செம்சூக்கின் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். ரஷ்ய மாலுமிகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் சிலரின் கல்லறைகள் பினாங்கில் உள்ளன.

துறைமுகத்தை விட்டு வெளியேறுகையில் மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேர் மீட்கப்பட்டனர். அவர்களில் மூவர் காயங்களால் இறந்தனர். எஞ்சியோர் நியூபர்ன் என்ற பிரித்தானியக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர்.

கோகோஸ் சண்டை

நவம்பர் 9 அன்று காலையில் எம்டன் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்சன் தீவை அடைந்தது. ஆஸ்திரேலியாவை ஆசியாவுடனும் ஆப்பிரிக்காவுடனும் இணைத்த கடலடித் தந்தி வடங்கள் அங்குச் சந்தித்தன. அந்நிலையத்தை அழிப்பதற்காக ஹெல்முத் ஃபொன் மூக்கே தலைமையில் 50 பேர் கரையிறங்கினர். அவர்கள் கருவிகளை உடைத்து, தந்திக் கோபுரத்தைச் சாய்த்தனர். கோபுரம் டென்னிஸ் ஆடுகளத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுமாறு நிலையப் பணியாளர்கள் கேட்டுக்கொண்டதாகவும், ஜெர்மானியர் அதற்கு இணங்கியதாகவும் கூறப்படுகிறது.

ஆனால் எம்டனின் புகைபோக்கிகளுள் ஒன்று துணியாலானது என்பதைக் கண்டுகொண்ட பணியாளர்கள், கருவிகள் உடைக்கப்படுவதற்கு முன்பே உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் தொடரணி ஒன்று ஏறத்தாழ 50 கடல் மைல் தொலைவில் சென்றுகொண்டிருந்தது. அதன் காவலிலிருந்த சிட்னி என்ற குரூசர் உடனே அனுப்பப்பட்டது. ஜான் கிளாசப் அதன் தலைவராக இருந்தார்.

சிட்னி எம்டனை விடப் பெரியது, வேகம் மிக்கது. அதன் எட்டுப் பீரங்கிகளும் 15.2 செ.மீ. விட்டமுடையவை. கரையிறங்கியோரைத் திரும்ப ஏற்றிக்கொள்ள நேரமின்றி எம்டன் புறப்பட்டது. ஏறத்தாழ 9:40 மணிக்குச் சண்டை தொடங்கியது. முதலில் சுட்ட எம்டனின் குண்டுகள் சிட்னியின் தொலைவளவுக் கருவி ஒன்றை அழித்தன. பின்னர் சிட்னி தொலைவில் நின்று தன் பெரிய பீரங்கிகளால் சுடத் தொடங்கியதும் எம்டன் விரைவில் செயலிழந்தது. புகைபோக்கிகளும் பாய்மரத் தூணும் வீழ்ந்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கப்பல் மூழ்கி அனைவரும் இறப்பதைத் தவிர்க்க, முல்லர் அதனை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறை மீது மோதி நிறுத்தினார்.

சிட்னி, நிலக்கரிக் கப்பலான பியூரெஸ்க்கைத் துரத்திச் சென்றது. பியூரெஸ்க்கை அதிலிருந்தோரே மூழ்கடித்தனர். பிற்பகலில் சிட்னி திரும்பியபோது எம்டனின் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறீர்களா எனச் சைகை மூலம் கேட்கப்பட்டதற்குத் தெளிவான விடை வராததால் சிட்னி மீண்டும் சுட்டது. கொடி இறக்கப்பட்ட பின்னரே சுடுவது நிறுத்தப்பட்டது. செயலிழந்து நின்ற கப்பல் மீது நிகழ்ந்த இக்கடைசித் தாக்குதல் பின்னர் விவாதத்திற்குள்ளாயிற்று. எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிட்னியில் நால்வர் இறந்தனர். சரணடைந்தோர் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முல்லர் மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் கைதியாக வைக்கப்பட்டார். அவர் 1923இல் காலமானார்.

மூக்கேயின் பயணம்

தீவில் விடப்பட்ட மூக்கேயும் அவரது குழுவினரும் அங்கிருந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ராவின் பாடாங் துறைமுகத்தை அடைந்தனர். பின்னர் சோய்சிங் என்ற ஜெர்மானிய வணிகக் கப்பலில் ஏறி, 1915 ஜனவரியில் ஏமன் கடற்கரையில் ஹொதைதா அருகே இறங்கினர். அங்கிருந்து படகிலும் ஒட்டகத்திலும் தொடர்வண்டியிலும் பயணம் செய்து 1915 மே மாதத்தில் துருக்கியின் கான்ஸ்டான்டினோப்பிள் நகரை அடைந்தனர். வழியில் சிலர் நோயாலும் பாலைவனத்தில் நடந்த சண்டையிலும் இறந்தனர்.

செய்திகளைச் சரிபார்த்தல்

எம்டனைப் பற்றிய கட்டுரைகளைப் படிப்போரும் எழுதுவோரும் கீழ்க்காணும் செய்திகளில் கவனம் செலுத்துதல் நலம்.

1. கப்பலின் வகை. தமிழில் சில இடங்களில் எம்டன் "நீர்மூழ்கிக் கப்பல்" எனக் குறிப்பிடப்படுகிறது. இது தவறாகும். எம்டன் நீரின் மேற்பரப்பில் செல்லும் குரூசர். எதிர்பாராமல் தோன்றி மறைந்தமையும், முதல் உலகப் போரின் பிற்பகுதியில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பெற்ற பெயரும் இக்குழப்பத்திற்குக் காரணமாகலாம்.

2. செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் பிறந்த இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் அதிகாரியாக இருந்து சென்னைத் தாக்குதலை வழிநடத்தினார் என்பது தமிழகத்தில் பரவலாக நம்பப்படும் செய்தி. இதற்கு ஆவணச் சான்று இல்லை. 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்தார். அக்டோபரில் பெர்லின் சென்றார். எம்டனோ 1910 முதல் கிழக்கு நாடுகளிலேயே இருந்தது. ஜூலை இறுதியில் சிங்டாவோவை விட்ட பிறகு ஐரோப்பாவுக்குச் செல்லவில்லை. ஒருவர் ஒரே மாதத்தில் இவ்விரு இடங்களிலும் இருந்திருக்க இயலாது. பெர்லினிலிருந்தும் காபூலில் அமைந்த இந்திய இடைக்கால அரசிலும் அவர் ஆற்றிய பணிகள் தனியே சான்றுடன் அறியப்பட்டவை. கப்பல் கதையை நீக்குவதால் அவரது வரலாறு குறைவுபடுவதில்லை.

3. கப்பல்களின் எண்ணிக்கை. எம்டன் "மூழ்கடித்த" கப்பல்களுக்கு வெவ்வேறு எண்ணிக்கைகள் தரப்படுவதுண்டு. மூழ்கடிக்கப்பட்டவை, கைப்பற்றப்பட்டவை, விடுவிக்கப்பட்டவை, போர்க்கப்பல்கள் ஆகியவற்றைச் சேர்த்தோ பிரித்தோ கணக்கிடுவதே இதற்குக் காரணம். மூழ்கடிக்கப்பட்ட அல்லது கைப்பற்றப்பட்ட பிரித்தானியக் கப்பல்கள் 16, ரஷ்ய வணிகக் கப்பல் 1, போர்க்கப்பல்கள் 2 எனவும், இவற்றுள் வணிகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 70,800 டன் எனவும் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. விடுவிக்கப்பட்டவையும் நிலக்கரிக்காகப் பயன்படுத்தப்பட்டவையும் இக்கணக்கில் சேரா.

4. "உயிர்ச்சேதமற்ற" தாக்குதல்கள். பிடிபட்ட வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முல்லர் மதிப்புடன் நடத்தினார் என்பதை எதிரி நாட்டு நாளேடுகளே பாராட்டின. இதனைக் கொண்டு எம்டன் பொதுமக்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்று எழுதுவது பொருந்தாது. சென்னையில் உயிரிழந்தோரையும், பினாங்கில் இறந்த மாலுமிகளையும், போனாப்பே தீவு நிகழ்வுகளையும் சேர்த்தே கப்பலின் வரலாற்றைக் காண வேண்டும்.

5. இரு போர்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் சென்னை மக்கள் பெருமளவில் நகரை விட்டு வெளியேறினர். 1943இல் ஜப்பானிய விமானம் ஒன்று நகரின் மீது குண்டு வீசியது. முதியோரின் நினைவுகளாகப் பதிவான செய்திகளில் இந்நிகழ்வுகள் 1914 நிகழ்வுடன் கலந்துவிடுவதுண்டு.

6. ஒரே பெயருடைய கப்பல்கள். ஜெர்மானியக் கடற்படையில் பின்னரும் பல கப்பல்களுக்கு எம்டன் எனப் பெயரிடப்பட்டது. 1916இலும் 1925இலும் பணியில் சேர்ந்த குரூசர்களின் படங்கள் சென்னையைத் தாக்கிய கப்பலின் படமாக இடம்பெறாதவாறு கவனிக்க வேண்டும்.

சிதைவும் நினைவுச் சின்னங்களும்

பாறை மீது கிடந்த எம்டனின் சிதைவுகளின் பெரும்பகுதி 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றால் உடைத்து எடுக்கப்பட்டது. எஞ்சிய பகுதிகள் வடக்குக் கீலிங் தீவின் கடலடியில் உள்ளன. கப்பலின் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது. சிட்னி போர்க்கப்பலின் பாய்மரத் தூண் அந்நகரின் பிராட்லி முனையில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. எம்டனிலிருந்து மீட்கப்பட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களைக் கொண்டு நினைவுப் பதக்கங்கள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் உயிர் பிழைத்த மாலுமிகளுக்குத் தம் குடும்பப் பெயருடன் "எம்டன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளும் உரிமை வழங்கப்பட்டது.

தமிழ் வழக்கில் எம்டன்

தமிழகத்தில் "அவன் பெரிய எம்டன்" என்னும் வழக்கு, எவருக்கும் அஞ்சாதவன், பிடிகொடுக்காதவன், சூழ்ச்சி மிக்கவன் என்னும் பொருள்களில் வழங்குகிறது. கண்டிப்பு மிக்க தந்தையையோ ஆசிரியரையோ மறைவில் "எம்டன்" என்று குறிப்பிடுவதும் உண்டு. மலையாளத்தில் மிகப் பெரியது என்னும் பொருளில் வழங்கும் "எமண்டன்" என்ற சொல்லும் இக்கப்பலின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 2006இல் வெளியான தமிழ்த் திரைப்படம் ஒன்றிற்கு முதலில் "எம்டன் மகன்" எனப் பெயரிடப்பட்டது. தமிழ்ப் பெயர்களுக்கு அளிக்கப்பட்ட கேளிக்கை வரிவிலக்கைப் பெறும் பொருட்டு அது "எம் மகன்" என மாற்றப்பட்டது.

சென்னைக் கடற்பரப்பில் எம்டன் நின்றது ஏறத்தாழ அரை மணி நேரமே. எனினும் கப்பல் அழிந்து நூறாண்டுகள் கடந்த பின்னும், அதனை அறியாதவர்களின் பேச்சிலும் அதன் பெயர் வழங்கி வருகிறது.